குல்மார்க்கில் கைடு இல்லாத 4 நாள்: பனிச்சரிவு ஆபத்தை எப்படிக் கணிப்பது?

வேளச்சேரி நால்வர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர், சென்னைதான். பிப்ரவரி ரெண்டாவது வாரம் 8 நாளைக்கு குல்மார்க் போறோம். நாலு பேருமே அங்கே 14 நாள் ஸ்கீ கோர்ஸ் முடிச்சவங்க. ஸ்கின் (ஸ்கீ வழுக்காம ஏற அடியில ஒட்டுற பட்டை) ஒட்டி ஏறுறது, கிக் டர்ன் (நின்னபடியே ஸ்கீயைத் தூக்கித் திரும்புறது) போடுறது, ஆழமான பவுடர்ல (மிருதுவான புதுப்பனி) இறங்குறது ஓரளவு வரும். முதல் நாள் ஓய்வு, அடுத்த 3 நாள் கைடு, கடைசி 4 நாள் நாங்களே. கண்டோலாவில் (கேபிள் கார்) ரெண்டாம் கட்டம் வரை போய், அபர்வத் மலை முகட்டு ஓரமா ஸ்கின் போட்டு நடந்து, கூட்டமில்லாத சரிவுகள்ல இறங்கணும்னு திட்டம்.

சந்தேகங்கள் இவ்வளவுதான். அரசு நிறுவனமான டிஜிஆர்இ கொடுக்கிற பனிச்சரிவு எச்சரிக்கை “பாரமுல்லா, 2,800 மீட்டருக்கு மேல், நடுத்தர ஆபத்து” மாதிரி வருது. அதை வெச்சு ஒரு குறிப்பிட்ட சரிவுக்குப் போகலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? பனியில குழி தோண்டி ஈசிடி பரிசோதனை (ஒரு பனித்தூணை வெட்டி, மேல தட்டி, உடையுதான்னு பார்க்கிறது) செய்யக் கத்துக்கிட்டிருக்கோம். அதுல தூண் உடையலைன்னா அந்தச் சரிவில் இறங்கலாமா? பீக்கன் (புதைஞ்சவரைத் தேட சிக்னல் அனுப்பி வாங்குற கருவி), ப்ரோப் (பனியில குத்திப் பார்க்கிற நீளக் கம்பி), ஷவல் (பனி மண்வாரி) மூணும் வாங்கியாச்சு, ஆனா பனியே இல்லாத ஊர்ல தேடுதல் பயிற்சியை எப்படி எடுக்கிறது? ஏர்பேக் (பனிச்சரிவுல ஊதிக்கிட்டு ஆளை மேல மிதக்க வைக்கிற பை) சிலிண்டரை விமானத்தில் விடுவாங்களா? டிக்கெட்டை மாத்த முடியாது, தேதி இதுதான்.

மலைக்கோணம்:

உங்கள் பதிவில் எச்சரிக்கை, குழி, பீக்கன் எல்லாம் இருக்கிறது. சரிவின் கோணம் மட்டும் இல்லை. அதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலையில் உங்களால் அளந்து உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

ஸ்கீயர்களைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. மேலே இறுகிய ஓர் அடுக்கு, அதன் கீழே சர்க்கரை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத ஓர் அடுக்கு, அதற்கும் கீழே பழைய பனி. உங்கள் எடை மேல் அடுக்கை அழுத்தும்போது நடு அடுக்கு நொறுங்குகிறது, அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடுகிறது. சாய்வு போதுமானதாக இருந்தால் மேல் அடுக்கு மொத்தமும் பாளம் பாளமாக உடைந்து வழுக்கிக்கொண்டு கிளம்பும். இது நடப்பது 30 முதல் 45 டிகிரிக்குள், அதிலும் 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். 30க்குக் கீழே அபூர்வம். 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் பனி பெரும்பாலும் சேராமல் பொழியப் பொழிய உதிர்ந்துவிடும்.

30 டிகிரி எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக வேண்டுமானால் உங்கள் வீட்டு மாடிப்படியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெரும்பாலான வீட்டுப் படிகள் 30 முதல் 35 டிகிரிச் சாய்வில்தான் கட்டப்படுகின்றன. பவுடரில் இறங்க ஆசை காட்டும் சரிவும் அதே சாய்வுதான். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

வெர்னர் முன்ட்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. 1 முதல் 5 வரையான ஆபத்து நிலையில் 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே, 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே இருக்க வேண்டும். அது ஆல்ப்ஸ் மலைக்குப் போட்ட கணக்கு. அங்கே அறிக்கை ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும், உயரத்துக்கும், சரிவு பார்க்கும் திசைக்கும் தனித்தனியாக வரும். நமக்குக் கிடைப்பது ஒரு மாவட்டத்துக்கு ஒரு வரி. ஆகவே உங்களுடைய கைடு இல்லாத நாலு நாளுக்கு என் கணக்கு ஒரு படி கடுமையானது: எச்சரிக்கை எந்த நிலையில் இருந்தாலும் 30க்குக் கீழே மட்டும், தலைக்கு மேலேயும் 30க்கு மேற்பட்ட சரிவு தொங்கக்கூடாது. இரண்டாவது பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலவீனமான அடுக்கு பரவலாக இருந்தால் கீழே சமதளத்தில் நடப்பவர் தொட்டதற்கே மேலே இருக்கும் 36 டிகிரிச் சரிவு அறுந்து வரும்.

இனி அந்த எச்சரிக்கை. டிஜிஆர்இ என்பது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இருக்கும் நிறுவனம். முன்பு சேஸ் என்ற பெயரில் இருந்த பனிச்சரிவு ஆய்வகமும் ஒரு நிலப்பரப்பு ஆய்வகமும் 2020இல் இணைக்கப்பட்டு உருவானது. அதன் எச்சரிக்கை அடிப்படையில் சாலைகளுக்கும், படைமுகாம்களுக்கும், மலைக் கிராமங்களுக்கும் போடப்படுவது. பாரமுல்லா மாவட்டம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லும். அதைத் தடுக்கும் கையாக மட்டும் பயன்படுத்துங்கள். அதிக ஆபத்து என்று சொன்னால் அன்றைக்கு மலையில் வேலை இல்லை. குறைவு, நடுத்தரம் என்று சொன்னால் அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஐந்து நிலைகளும் சம இடைவெளியில் ஏறுபவை அல்ல, ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்காகிறது. ஆல்ப்ஸில் உயிரிழப்பு மிகுதியாக நடப்பது 4, 5இல் இல்லை, 3ஆம் நிலையில்தான். ஆட்கள் வெளியே போகும் அளவுக்கு அது சாதாரணமாகத் தெரிகிறது, பனி உடையும் அளவுக்குத் தளர்ந்தும் இருக்கிறது.

குல்மார்க்குக்கே உரிய விஷயம் ஒன்று. அபர்வத்தின் கண்டோலா முகம் வடகிழக்கைப் பார்த்தது. மேற்கத்தியக் கலக்கத்தோடு (மேற்கிலிருந்து வந்து பனி கொட்டும் குளிர்காலப் புயல்) வரும் காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து முகட்டைத் தாண்டி அடிக்கும்போது பின்பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து இந்த முகத்தில் இறக்கிவைக்கிறது. வானத்திலிருந்து ஒரு செ.மீ. விழாத நாளிலும் முகட்டுக்குக் கீழே ஒரு மீட்டர் பலகை உருவாக முடியும். நீங்கள் “முகட்டு ஓரமாக நடந்து கூட்டமில்லாத சரிவில்” என்று எழுதியிருப்பது சரியாக அந்த இடம். கண்டோலாவுக்கு அடியிலுள்ள பிரதானக் கிண்ணத்தை மட்டுமே ரோந்துக் குழு கவனித்துத் திறந்து மூடுகிறது. எல்லைக் கயிற்றைத் தாண்டி வலமோ இடமோ போனால் அந்தப் பனியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2010 பிப்ரவரியில் அபர்வத் சரிவிலுள்ள கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று ஹபத்குத் பக்கம் போலந்து ஸ்கீயர்கள் இருவர். 2024 பிப்ரவரி 22 அன்று மீண்டும் கிலன்மர்க் மேற்பகுதியில் ஒரு ரஷ்ய ஸ்கீயர். மூன்றுமே நீங்கள் போகும் மாதம், நீங்கள் போகும் மலை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து 40 நாள் நீளும் சில்லை கலான் குளிரில் தரையை ஒட்டிய பனி சர்க்கரையாகி நிற்கும். பிப்ரவரிக் கலக்கங்கள் அதன்மேல் கனமாகக் கொட்டும். எந்த வருடம் ஜனவரி வறண்டு கிடந்ததோ அந்த வருடப் பிப்ரவரிதான் எனக்குக் கவலை தருவது. நீங்கள் கிளம்பும் வரை தினமும் குல்மார்க் பனிப்பொழிவையும் இரவு வெப்பநிலையையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அங்கே இறங்கும்போது அடியில் என்ன புதைந்திருக்கலாம் என்று ஓரளவு தெரிந்திருக்கும்.

பனிக்குழி:

மலைக்கோணம் சொன்னதோடு உடன்படுகிறேன். குழி பற்றி மட்டும் விவரமாக எழுதுகிறேன், காரணம் “தூண் உடையலைன்னா இறங்கலாமா” என்ற கேள்வி ஆபத்தானது. இறங்கக்கூடாது. உடைந்தால் அது சேதி. உடையாவிட்டால் அந்த 90 செ.மீ. இடத்தில் அன்று அந்த நேரத்தில் உடையவில்லை, அவ்வளவே. பத்து மீட்டர் தள்ளி ஒரு பாறையைச் சுற்றிப் பனி மெலிந்திருக்கும் இடத்தில் முடிவு தலைகீழாக இருக்கலாம்.

குழியை எங்கே தோண்டுகிறீர்கள் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. போக நினைக்கும் சரிவின் அதே திசை, அதே உயரம், ஏறக்குறைய அதே சாய்வு, ஆனால் அறுந்தாலும் உங்களை எங்கும் கொண்டுபோகாத ஒரு சின்ன மேடு. மரத்துக்கு அடியிலோ பழைய ஸ்கீ தடத்திலோ வேண்டாம். முதலில் ப்ரோப்பால் குத்தி ஆழம் பாருங்கள். ஒரு கல் மேலோ புதர் மேலோ தோண்டி அரைமணி நேரத்தை வீணாக்காமல் இருக்க அது போதும். ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம். பார்க்கும் சுவர் நிழலில் இருக்கட்டும், அதன் மேல்விளிம்பை யாரும் மிதிக்கக்கூடாது.

சுவரை ஷவலால் செங்குத்தாகச் சீவியதும் உடனே தட்டத் தொடங்காதீர்கள். கையுறை போட்ட கையால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். முஷ்டி உள்ளே போகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தியா? இந்த ஐந்துதான் உலகெங்கும் கடினத்தை எழுதும் முறை. ஒரு விரல் கடினத்தில் இருந்த பனி திடீரென்று முஷ்டி போகும் அளவுக்கு மென்மையானால் அந்த எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் மணிகளைக் கருப்பு அட்டையில் எடுத்து லென்ஸில் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, பட்டை தீட்டினது போல மின்னி, ஊதினால் உப்பு மாதிரி ஓடுகிறதா? அதுதான் நீங்கள் தேடும் எதிரி. உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் அந்த அடுக்கு தேறிவருகிறது. தெர்மாமீட்டர் இருந்தால் 10 செ.மீ.க்கு ஒருமுறை வெப்பநிலை எடுங்கள், 10 செ.மீ.க்குள் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த இடத்தில் இப்போதும் சர்க்கரை விளைந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஈசிடி. சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. இரண்டு ப்ரோப்களைப் பின்மூலைகளில் செங்குத்தாகக் குத்தி, முடிச்சுப் போட்ட கயிற்றை அவற்றைச் சுற்றி விட்டு இருவர் மாறி மாறி இழுத்தால் பின்பக்கமும் பக்கங்களும் அறுபடும். ஷவல் தகட்டை ஒரு ஓரத்தில் படுக்கவைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. கையின் எடை தானாக விழ வேண்டும், பலம் கொடுத்துக் குத்தக்கூடாது. எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள், இன்னொருவர் தூணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வெடிப்பு தோன்றிய அதே தட்டில், அல்லது அதற்கடுத்த ஒரே தட்டில், 90 செ.மீ. முழுக்கக் குறுக்கே ஓடினால் பரவும் முடிவு. 13ஆவது தட்டில் ஓடினாலும் 24ஆவதில் ஓடினாலும் அந்தச் சரிவு அன்றைக்கு மூடப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டின பக்கம் மட்டும் உடைந்து நின்றால் பரவாத முடிவு.

தவறுகள் எங்கே வரும்? பின்பக்கம் முழு ஆழத்துக்கு அறுபடாமல் இருக்கும். தூண் பின்னால் ஒட்டியிருப்பதால் பரவாது, நீங்கள் நல்ல முடிவு என்று எழுதுவீர்கள். மேல் 20 செ.மீ. பஞ்சு மாதிரி இருந்தால் ஷவல் அதில் புதைந்து தட்டின் வேகம் கீழே போகாது. பலவீனமான அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் ஈசிடி அதைத் தொடவே தொடாது. சில்லை கலான் சர்க்கரை பிப்ரவரியில் அந்த ஆழத்தில்தான் கிடக்கும். அதற்கு 30 செ.மீ. அகலம், மேல்நோக்கி ஒரு மீட்டர் தூண் வெட்டி, அடுக்கிலேயே ரம்பத்தின் மழுங்கிய முதுகைச் செலுத்தும் இன்னொரு பரிசோதனை உண்டு. உங்கள் கைடு நாட்களில் அதைக் கூடவே நின்று செய்யக் கேளுங்கள்.

உண்மையில் குழியைவிட மலிவான, நம்பகமான சேதிகளை மலை தானாகவே தருகிறது. எதிர்ச்சரிவில் நேற்றோ இன்றோ அறுந்த தடம் தெரிந்தால், அதே திசை பார்த்த உங்கள் சரிவும் அதே நிலையில் இருக்கிறது. ஸ்கீ நுனியிலிருந்து கண்ணாடியில் விரிசல் ஓடுவது போலக் கோடு பறந்தால் பலகை உடையத் தயார். “வூம்ஃப்” என்று காலடியில் பனி ஒரு விரற்கடை அமிழ்ந்து, காற்று பிதுங்கி வெளியேறும் ஓசை கேட்டால் பலவீனமான அடுக்கு அப்போதே நொறுங்கிவிட்டது, நீங்கள் நிற்பது சமதளம் என்பதால் மட்டும் அது நகரவில்லை. அதைக் கேட்ட பிறகு குழி தோண்ட வேண்டியதே இல்லை, திரும்பும் வழி தட்டையானதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி, காற்றில் முகடு புகைவது, குளிருக்குப் பின் திடீர் வெயில் அல்லது மழை, இவை ஒவ்வொன்றும் 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்பவை. புதைந்த சர்க்கரை மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பெசன்ட்நகர் காலை:

தேடுதல் பயிற்சி கேள்விக்கு நான் பதில் சொல்றேன். நம்ம ஊர் கடற்கரை இதுக்கு ரொம்ப நல்ல இடம். எலியட்ஸ் பீச்ல அலை வராத, காய்ஞ்ச மணல் பகுதி, காலை அஞ்சரை மணி. ஆறரைக்கு மேல நடைப்பயிற்சிக்காரங்க கூட்டம் வந்துடும், எல்லார் பையிலயும் போன் இருக்கும்.

பீக்கனை எதுக்குள்ள வெச்சுப் புதைக்கிறீங்கன்னு கவனிங்க. வீட்டுல கைக்கு வர்ற எவர்சில்வர் டப்பா வேண்டாம். உலோகம் 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அடைச்சுடும், நாலு பேரும் மணலைச் சுத்திச் சுத்தி வந்துட்டு பீக்கன் பழுதுன்னு நினைப்பீங்க. ஜிப் கவர், அதுக்கு மேல பிளாஸ்டிக் டப்பா, அதுக்கு மேல ஒரு கோணிப்பை. கோணி எதுக்குன்னா ப்ரோப் நுனி மணலைத் தொடுறதுக்கும் ஆளைத் தொடுறதுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியணும். அரை மீட்டர் ஆழம் போதும். புதைச்ச இடத்தைச் சுத்தி இன்னும் ஏழெட்டு இடத்துல மணலைக் கிளறி விடுங்க, இல்லன்னா கண்ணு கண்டுபிடிச்சுடும்.

தேடுறவர் 50 மீட்டர் தள்ளி நின்னு, முதுகு காட்டி, ஸ்டாப்வாட்ச் போட்டுத் தொடங்கணும். சிக்னல் வர்ற வரைக்கும் வேகமா ஓட்டம், அம்புக்குறி வந்ததும் நடை, திரையில தூரம் காட்டுற எண் 3க்கு வந்ததும் மண்டி போட்டு பீக்கனை மணலை ஒட்டிப் பிடிக்கணும். அதுக்கப்புறம் திசையைத் திருப்பாம நேர்கோட்டுல முன்னும் பின்னும், அப்புறம் குறுக்கே, எண் எங்கே குறைவோ அங்கே நிறுத்தி ப்ரோப். சரிவுத் தளத்துக்குச் செங்குத்தா குத்தணும், நேர் கீழே குத்தக்கூடாது. பீச்ல தட்டையா இருக்கிறதால இந்தப் பழக்கம் வராது, அதனால ஒருமுறை மணல்மேட்டுச் சாய்வுலயும் செய்ங்க. 25 செ.மீ. இடைவெளியில் சுருள் மாதிரி வெளியே போய்க்கிட்டே குத்துங்க. தட்டுப்பட்டதும் ப்ரோப்பைப் பிடுங்கக்கூடாது.

தேடல் 3 நிமிஷத்துக்குள்ள வரணும். ஏன்னா தோண்டுறதுதான் நேரத்தைத் தின்னும். ஒரு மீட்டர் ஆழத்துல புதைஞ்சவரை எடுக்க ஒரு டன் அளவுக்குப் பனியை நகர்த்த வேண்டியிருக்கும், அதுவும் ஓடி நின்ன பனி சிமென்ட் மாதிரி இறுகிடும். முதல் 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம், அரைமணி நேரம் ஆனா மூணுல ஒருத்தர் பிழைக்கிறதே பெரிசு. நாலு பேரும் ப்ரோப்பைச் சுத்தி நின்னு கிணறு தோண்டாதீங்க. ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவுல கீழே இறங்கி, அங்கிருந்து ஆளை நோக்கி வெட்டிக்கிட்டு வரணும். முன்னால ஒருத்தர் வெட்ட, பின்னால ரெண்டு பேர் படகுத் துடுப்பு போடுற மாதிரி பனியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால இருக்கிறவர் மாறணும். பீச்ல இதைச் செய்ய சாதாரண மண்வாரி வாங்கிக்கோங்க. மணல் பனியைவிட ரொம்பக் கனம், அலுமினிய ஷவலோட ஓரம் வளைஞ்சு போகும். முடிச்சதும் குழியை மூடிட்டு வாங்க, குழந்தைங்க ஓடுற இடம்.

நம்ம ஊர் உப்புக்காத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பீக்கன்ல பேட்டரியைப் போட்டபடியே அலமாரியில் வெச்சா ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள பச்சை பூத்துடும். பயணம் முடிஞ்சதும் கழட்டிடுங்க, போகும்போது புது ஆல்கலைன் போடுங்க. ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், லித்தியம் போடலாமான்னு அந்த பீக்கன் கையேடு சொல்லணும். ஸ்கின்னைப் பரண்மேல வைக்காதீங்க. மே மாசச் சூட்டுல பசை இளகி, நடுவுல வைக்கிற வலையோட ஒட்டி வந்துடும், அப்புறம் மைனஸ் 10ல ஸ்கீயில் ஒட்டாது. மலையில் நடக்கும்போது போன் பீக்கன்ல இருந்து 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்கணும். ஸ்மார்ட்வாட்ச், ஹீட்டர் கையுறை எல்லாத்துக்கும் இதே கணக்கு.

தெற்கு ரயில்:

விமானம், தகவல் தொடர்பு பற்றிச் சுருக்கமாக. சிலிண்டர் ஏர்பேக்கை ஐஏடிஏ (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதி ஆளுக்கு ஒன்று அனுமதிக்கிறது, ஆனால் விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அதை மின்னஞ்சலில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் விமானம் மாறினால் இரண்டு பயணத்துக்கும் சேர்த்து ஒப்புதல் தேவை. திரும்பும்போது ஸ்ரீநகரில் சோதனைகள் அதிகம், 3 மணி நேரம் முன்னதாகப் போங்கள். மின்விசிறி வகை ஏர்பேக் இருந்தால் சிலிண்டர் தொல்லையே இல்லை. எதுவானாலும் அது உங்களை மேலே மிதக்கவைக்கத்தான் உதவும். மரத்திலோ பாறையிலோ மோதுவதையும், ஓடைப் பள்ளத்தில் பனி ஆழமாகக் குவிவதையும் அது தடுக்காது.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. நாலு பேரில் இருவராவது போஸ்ட்பெய்டு எடுத்துக்கொண்டு போங்கள். சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் எதையும் கொண்டுபோகாதீர்கள், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். கண்டோலா ரோந்துக் குழுவின் எண்ணை முதல் நாளே நேரில் கேட்டு வாங்கி நாலு போனிலும் பதியுங்கள்.

உயரமும் ஒரு விஷயம். கடல்மட்டத்திலிருந்து போய் 2,650 மீட்டரில் தூங்கி, மறுநாளே கண்டோலாவில் 3,900க்கு மேல் நின்றால் தலைவலியும் மந்தமும் வரும். அந்த நிலையில் எடுக்கும் முடிவுகள் மோசமாக இருக்கும். இரண்டாம் கட்டத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

வேளச்சேரி நால்வர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எவர்சில்வர் டப்பா விஷயம் சத்தியமா தோணியிருக்காது. ரெண்டு சந்தேகம் மட்டும். நாங்க குறிச்சு வெச்ச ஒரு சரிவு மொபைல் மேப்புல 27 டிகிரின்னு நிறம் காட்டுது. அப்போ அது சரிதானே? இன்னொண்ணு, அந்தச் சரிவில் ஏற்கெனவே நாலஞ்சு ஸ்கீ தடம் இருந்தா பனி தாங்குதுன்னு எடுத்துக்கலாமா?

மலைக்கோணம்:

இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மேப் நிறம் பெரும்பாலும் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம் என்ற தரவிலிருந்து வருகிறது. 15 மீட்டர் உயரமுள்ள ஒரு குவிந்த வளைவு 37 டிகிரியாக இருந்தாலும் மேலும் கீழும் உள்ள தட்டையோடு கலந்து 27 ஆகிவிடும். பலகை அறுவது அந்த மாதிரி குவிந்த வளைவில்தான், அங்கே பனி இழுபட்டு நிற்கிறது. காகித மேப்பிலும் இதே கதை. 1:50,000 அளவில் 40 மீட்டர் சமஉயரக் கோடுகள் என்றால் 30 டிகிரிக்கு இரண்டு கோட்டுக்கு நடுவே 1.4 மி.மீ., 40 டிகிரிக்கு 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசத்தைக் கண் பிரித்துப் பார்க்காது. மேப் 27 என்றால் தரையில் 33 இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வீட்டில் உட்கார்ந்து குறிக்கும்போது மேப்பில் 23, 24 காட்டும் இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தால் தரையில் 30க்குள் நிற்கும்.

தடங்களைப் பற்றி: பலகையின் தடிமன் ஒரே சரிவில் இடத்துக்கு இடம் மாறும். தடிமனான இடத்தில் ஐந்து பேர் போயிருப்பார்கள், அடியில் உள்ள சர்க்கரைக்கு அந்த எடை எட்டியே இருக்காது. ஆறாவது ஆள் ஓரத்தில் பனி மெலிந்த பாறைப் பகுதியைத் தொடுவார், மொத்தமும் கிளம்பும். முன்னால் போனவர்கள் காலை 9 மணிக்குப் போனார்களா, வெயில் ஏறிய பிறகா என்பதும் தடத்தில் எழுதியிருக்காது. குல்மார்க்கில் புதுப்பனி விழுந்து இரண்டாம் கட்டம் திறந்த அன்று எல்லாரும் முதல் தடம் போட ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கலக்கும் ஆசைதான் பனியைவிடக் கடினமான பாடம். உங்கள் 4 நாளில் ஒரு நாள் கண்டோலா மூடியே இருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்து, அன்றைக்கு கோங்தூரிக்குக் (கண்டோலா முதல் கட்டம் முடியும் இடம்) கீழே காட்டுப்பகுதியில், பாபாரேஷி பக்கம், இறங்க ஒரு திட்டம் வைத்திருங்கள். அங்கேயும் ஓடைப் பள்ளங்களைத் தவிருங்கள். மரங்களுக்கு நடுவே சௌகரியமாக வளைந்து இறங்க இடம் இருந்தால் அந்த மரங்கள் பனியைப் பிடித்துவைக்காது.

தரையில் கோணம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு ஸ்கீ கம்புகள். ஒன்றைச் சரிவில் மேலிருந்து கீழாகப் படுக்கவைத்து அழுத்தித் தடம் பதியுங்கள். அதே கம்பின் நுனியைத் தடத்தின் மேல்முனையில் ஊன்றி, கைப்பிடி சரிவின் கீழ்ப்பக்கமாகச் சாயும்படி பிடியுங்கள். இரண்டாவது கம்பை அந்தக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துத் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிடுங்கள். சாய்ந்த கம்பை மெல்ல இறக்கினால் தொங்கும் கம்பின் நுனி பனியைத் தொடும். தடத்தின் கீழ்முனையில் சரியாகத் தொட்டால் 30 டிகிரி. அதற்கு மேலே தொட்டால் 30க்குக் குறைவு. கீழ்முனையைத் தாண்டித் தொட்டால், 120 செ.மீ. கம்புக்கு ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். இதைச் சரிவின் அடிவாரத்தில் பாதுகாப்பான ஓரத்தில் செய்யுங்கள், நடுவில் போய் நின்று அளக்காதீர்கள்.

ஏறும்போது அப்படி ஒரு சந்தேகமான துண்டைக் கடந்தே ஆகவேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தவர். மற்ற மூவர் கண்ணும் அவர்மேலேயே இருக்க வேண்டும். கம்பு வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பைண்டிங்கின் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி) முன்பூட்டை அங்கே போடாதீர்கள். பூட்டிய ஸ்கீ சரிவில் நங்கூரம் மாதிரி ஆளை அடியில் இழுத்துக்கொண்டு போகும்.

வேளச்சேரி நால்வர்:

புரிஞ்சுது. திட்டத்தை மாத்திட்டோம். கைடை 3 நாள்ல இருந்து 5 நாள் ஆக்கிட்டோம், முகட்டு நடை அவர் கூட மட்டும்தான், அதுவும் அவர் அன்னிக்குச் சரின்னு சொன்னா. மீதி ரெண்டு நாள் பாபாரேஷி காடு, மேப்புல 24க்குக் கீழ. பனிப்பொழிவு நோட்டு இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

வர்ற ஞாயிறு காலை அஞ்சரைக்கு எலியட்ஸ் பீச்ல ஷ்மிட் நினைவிடத்துக்குத் தெற்கே நாலு பேரும் இருப்போம். மண்வாரி ரெண்டு, கோணி ரெண்டு, பிளாஸ்டிக் டப்பா எங்ககிட்ட இருக்கு. வேற யாராவது பீக்கன் வெச்சிருந்தா கொண்டுவாங்க, ரெண்டு பீக்கனை ஒரே நேரத்துல புதைச்சுத் தேடிப் பார்க்கணும்.